பின்னால் வருகிறவள்

"வாராவாரம் காட்டுக்குள்ள தனியா நடக்கிறதுல அப்படி என்னங்க இருக்கு?"

"மலை முகட்டுல தனியா நடந்தாத்தான் மனசு லேசாகுது," என்றார் கணக்கு வாத்தியார். முகத்தில் அப்படியொரு பூரிப்பு.

அவர் சட்டையைத் துவைக்க எடுத்த மனைவி அதன் பையைத் துழாவினாள். உள்ளே வனத்துறை அனுமதிச் சீட்டு. 'நபர்கள்: இரண்டு.'

அடுத்த ஞாயிறு, அவர் கிளம்பிய அடுத்த பஸ்ஸிலேயே அவளும் ஏறினாள். அந்தச் சிறுக்கி யாரென்று பார்த்துவிட வேண்டும்!

காட்டு வாசலில் காவலர் பதிவேட்டோடு உட்கார்ந்திருந்தார்.

"இப்ப உள்ள போனாரே வாத்தியார், அவர் கூட வர்றவ யாரு?"

"அவர் சம்சாரம்தாம்மா."

"சம்சாரமா? யோவ், நான்தான்யா அவர் சம்சாரம்!"

காவலர் முகமெல்லாம் பல்லாக எழுந்து நின்றார்.

"வாங்கம்மா, வாங்க! தனியா யாரையும் உள்ள விடமாட்டோம். அதனால, 'சம்சாரம் மெதுவாத்தான் நடப்பா, பின்னால வர்றா'ன்னு சொல்லி உங்க பேரையும் எழுதிட்டுத்தான் சார் போவார். மூணு மாசமா நடந்து, இன்னிக்குத்தான் வந்து சேர்றீங்களா?"