அடுப்பிலிருந்து திரும்பிய செங்கல்

சீன தேசத்துப் பழைய நகரம் ஒன்றின் கோட்டைச் சுவரில் இருந்த செங்கல் அது. சுட்டவனின் பெயர் அதன் விலாவில் பொறித்திருக்கும். எத்தனையோ ராஜ வம்சங்கள் வந்தன. வந்தவர்களெல்லாம் நகரத்துக்குப் புதுப் பெயர் வைத்தார்கள். கடைசியாக ஒரு சண்டையில் சுவர் சரிந்தது. மெய்லான் என்பவள் இந்தச் செங்கல்லை எடுத்துப் போய்த் தன் அடுப்பில் வைத்துக் கட்டினாள். குளிர்காலம் முழுக்க அவளுடைய பூனை அதன் மேல்தான் தூங்கும்.

"ராஜாக்களைக் காத்தவன் நான். கஞ்சிப் பானைக்கு முட்டுக் கொடுக்கிறேன், பார்த்தாயா?" என்று செங்கல் தினமும் புலம்பும்.

"புலம்பு, புலம்பு. சூடு மட்டும் ஆறாமல் பார்த்துக்கொள்" என்று பூனை கண்ணை மூடிக்கொள்ளும்.

ஒருநாள், சுவரைத் திரும்பக் கட்டப்போவதாகவும், பெயர் பொறித்த செங்கற்களைக் கொடுத்துவிட வேண்டும் என்றும் தெருவில் தண்டோரா போட்டார்கள். மெய்லான் அடுப்பைப் பிரித்தாள். பூனையிடம் சொல்லிக்கொள்ளக்கூட மறந்து செங்கல் வண்டி ஏறியது.

அதைச் சுவரின் உச்சி வரிசையில் பதித்தார்கள். பக்கத்துச் செங்கற்கள் விசாரித்தன. "என்னண்ணே, உடம்பெல்லாம் கரி? எந்த ராஜா வைத்த நெருப்பு?"

செங்கல் யோசித்தது. ஒரு ராஜாவின் பெயரும் வாயில் வரவில்லை. "அங்கே ஒரு பூனை இருந்தது..." என்று ஆரம்பித்தது. எல்லாம் சிரித்தன.

முதல் பனி விழுந்த அன்று, சுவர் மேல் ஒரு பூனை மோந்துகொண்டே வந்தது. கரி படிந்த செங்கல்லைக் கண்டதும் நின்றது.

"இப்போது என்னிடம் சூடு இல்லை, கண்ணு. வேறு இடம் பார்" என்றது செங்கல்.

"தெரியும்" என்று சொல்லிவிட்டு, பூனை அதன் மேலேயே சுருண்டு படுத்தது.