மரியாதைக் குறைவு

“ஒரே ஒரு வரி சொல்லுங்க சார், போதும். கேப்டனை எதுக்கு வெளிய எடுத்தீங்க?”

கேட்டவர் கால்பந்து சங்கத்தின் செயலாளர். அறைக்கதவு சரியாகச் சாத்தாத ரகம். வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்த மகளின் காதில் எல்லாமே விழுந்தது.

“தோணிச்சு. எடுத்தேன்,” என்றார் அப்பா. தேசிய அணியின் கோச். இன்றைக்குச் சாயங்காலம் வரைக்குமாவது.

“டிரா பண்ணியிருந்தாலே உலகக் கோப்பைக்குப் போயிருப்போம். அந்த நேரத்துல போய் அவனை உட்கார வெச்சீங்க. கடைசி நிமிஷத்துல கோல் வாங்கினோம். ஊரே காறித் துப்புது. அவனுக்குக் கால்ல ஏதாவது அடியா?”

“இல்லை.”

“அவனாக் கேட்டானா?”

“இல்லைன்னு சொல்றேனே. முடிவு என்னோடது.”

“சரி, கைப்பட்டையைக் கழட்டி உங்க காலடியில வீசிட்டு, வாய்க்கு வந்தபடி கத்தினானே, அதுக்காவது ஒரு புகார் குடுங்க. பழியை ரெண்டு பேருக்கும் பங்கு போட்டு, உங்க வேலையைக் காப்பாத்த முடியுதான்னு பார்க்கறேன்.”

“புகார் எதுவும் இல்லைங்க.”

நாற்காலி பின்னால் நகரும் சத்தம் கேட்டது.

“அப்ப நான் ஒண்ணும் பண்றதுக்கில்லை. சாயங்காலம் அறிவிப்பு வந்துடும்.”

அப்பா வெளியே வந்தார். ராத்திரி முழுக்க நின்றுகொண்டே பஸ்ஸில் வந்தவர் மாதிரி இருந்தது முகம்.

“போலாமாம்மா?”

வாசலில் கார் ஏறும்போது எதிர்ப்பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவன் கத்தினான்.

“யோவ் கைதூக்கி! வீட்டுக்காவது ஒழுங்காப் போய்ச் சேருவியா?”

கூட நின்றவர்கள் சிரித்தார்கள்.

அது அப்பா ஆடிய காலத்துப் பட்டம். ஒரு இறுதி ஆட்டத்தின் நடுவில், ‘என்னால முடியல, எடுத்துடுங்க’ என்று வெளியே பார்த்துக் கையைத் தூக்கினார். முழங்காலில் எலும்பு விரிசல் விட்டிருந்தது மறுநாள் எக்ஸ்ரே எடுத்த பிறகுதான் தெரிந்தது. அதற்குள் பெயர் ஊர் சுற்றி வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் பதில் சொல்ல மகள் கையைத் தூக்கினால் வகுப்பே கொல்லென்று சிரிக்கும். பதில் தெரிந்தாலும் கையை மடியிலேயே வைத்துக்கொண்டு படித்து முடித்தவள் அவள். பல் டாக்டரும் ஆகிவிட்டாள்.

மகள்தான் ஓட்டினாள். வண்டி திரும்பியதும் அப்பாவைப் பிடித்துக்கொண்டாள்.

“ஒரு வரி சொன்னா வாயிலேர்ந்து முத்தா உதிர்ந்துடும்?”

அப்பா சீட் பெல்ட்டை இழுத்து மாட்டினார்.

“கிளினிக்ல வாயிலேர்ந்து பஞ்சை எடுத்தவுடனே ‘உங்கப்பா ஏன் அப்படிப் பண்ணாரு’ன்னுதான் கேக்கறாங்க. நான் என்ன சொல்லட்டும்?”

“பஞ்சை எடுக்காதே.”

அவள் சிரிக்கவில்லை.

“எழுதறாங்கப்பா. தான் பாதியில ஓடி வந்தவர், அதனால நல்லா ஆடறவனைப் பார்த்தா வயித்தெரிச்சல்னு. நேத்து வரைக்கும் எல்லார்கிட்டயும் சண்டை போட்டேன். இன்னிக்கு நீங்க உள்ளே பேசினதைக் கேட்டப்புறம், எனக்கே அப்படித்தான் தோணுது.”

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மறுக்கவாவது செய்வார் என்று பார்த்தாள். அதற்குக்கூட அலுப்பு போலிருந்தது.

அந்த நேரம் பார்த்துப் போன் வந்தது. அவருடைய போன்தான், ஆனால் காரோடு இணைந்திருந்ததால் மணி ஸ்பீக்கரில் அலறியது. முன்னால் இருந்த திரையில் ‘கேப்டன்’ என்று ஓடியது. அப்பா பதறிப்போய் எதையோ அழுத்தினார். அழைப்பு நிற்பதற்குப் பதிலாக, எடுத்துக்கொண்டது.

“சார்...”

நாடே டிவியில் கேட்ட அதே குரல். இப்போது அழுதுகொண்டிருந்தது.

“அப்புறம் பேசறேன்ப்பா. வண்டியில இருக்கேன், பக்கத்துல—”

“வேலை போயிடுச்சாமே சார்! எல்லாரும் சொல்றாங்க. நான் உண்மையைச் சொல்லிடறேன் சார். அடியும் இல்லை, ஒண்ணும் இல்லை, பயந்துட்டேன்னு சொல்லிடறேன். பந்து என் பக்கம் வந்துடக் கூடாதுன்னு ஆளுக்குப் பின்னாடி ஒளிஞ்சு ஒளிஞ்சு ஓடினேன் சார். ‘முடியலைன்னா கையைத் தூக்காதே, சட்டையை உள்ளே விடு, நான் பார்த்துக்கறேன்’னு எங்க எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருந்தீங்க. நான்தான் சட்டையை உள்ளே விட்டேன்னு...”

மகள் வண்டியை ஓரம் கட்டினாள். பின்னால் வந்தவன் ஹார்ன் அடித்துத் தீர்த்தான். அவள் காதில் ஏறவில்லை.

அப்பா அவளைப் பார்க்காமல் ஸ்பீக்கரைப் பார்த்துப் பேசினார்.

“வாயைத் திறக்கக் கூடாது. உனக்குப் பிள்ளைங்க இருக்கு. அதுங்க ஸ்கூலுக்குப் போகணும்.”

“முடியலை சார். அத்தனை பேர் முன்னாடி உங்களை அப்படித் திட்டினதை நினைச்சா சோறு இறங்க மாட்டேங்குது.”

அன்றைக்கு முதல் தடவையாக அப்பாவுக்குக் கோபம் வந்தது.

“திட்டிக்கிட்டே வெளிய வாங்கன்னு சொல்லிக் குடுத்ததே நான்தானேடா? அதையாவது ஒழுங்காப் பண்ணியா? ‘நீ, வா, போ’ன்னு திட்டச் சொன்னா, அத்தனை கேமரா முன்னாடியும் ‘நீங்க, நீங்க’ன்னு திட்டறே... எவனாவது கவனிச்சிருந்தா உன் கதி என்னடா ஆகியிருக்கும்?”