முதல் விருப்பம்

பௌர்ணமி விடுமுறையான போயா தினம், காலை பத்து மணி. மார்பில் கேம்பஸ் முத்திரை பதித்த டீசேர்ட்டுடன் லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த கஜேந்திரன், அடுத்த லயத்துத் தனுஜாவின் போனைக் கையில் வாங்கினான். பல்கலைக்கழக விண்ணப்பத்தை அனுப்ப அன்றுதான் கடைசி நாள்.

"நீங்க சொல்ற வரிசையிலதான் அண்ணே போடப்போறேன்," என்றாள் தனுஜா. "மேல எது இருக்கோ, அதுதான் முதல்ல பாப்பாங்களாம். என் மார்க்ஸுக்கு எதக் கேட்டாலும் கெடைக்கும்னு டீச்சர் சொன்னாங்க."

தெஹியோவிட்டைக்கு மேலே உள்ள அந்த இறப்பர் தோட்டத்திலிருந்து கேம்பஸுக்குப் போன முதல் ஆள் கஜேந்திரன். கண்டிக்குப் பக்கத்திலுள்ள பேராதனைக்குக் கிளம்பிய அன்று கோயிலடியில் தோட்டத் தலைவர் மாலை போட்டார். இரண்டு வருடம் கழிந்தும், பூ உதிர்ந்த அந்த மாலையின் நாரை அவன் அம்மா இலட்சுமி சாமிப் படத்தில் மாட்டி வைத்திருக்கிறாள்.

திரையில் முதலாவதாகப் பேராதனை இருந்தது.

"இத ஏன் முதல்ல போட்ட?"

"படிப்பு நல்லா இருக்கணும். அதோட நாலு பேரோட சிரிச்சுப் பேசுற எடமாவும் இருக்கணும். எங்க பள்ளிக்கூடத்து ஏ.எல். வகுப்புல மூணே பேரு அண்ணே. ரெண்டு வருசமா அதே மூஞ்சிங்க. அங்க நாடகம் போடுறாங்க, பாட்டு இருக்கு, மரத்தடியில கூட்டமா ஒக்காந்து படிக்கிறாங்க."

"நீ படிக்கப் போறியா, திருவிழாவுக்குப் போறியா?"

இலட்சுமி சிரித்தாள். கொடியில் காய்ந்த துணிகளை அள்ளி வந்து மகனருகில் போட்டாள்.

"அண்ணன் சொல்றதக் கேளு புள்ள. தீவாளிக்குக்கூட வர நேரமில்லாமப் படிக்கிறவன். அந்த நேரம் பாத்துத்தான் பரீட்சை வைக்கிறானுங்க."

அவள் அடுப்படிக்குப் போனாள். கஜேந்திரன் பேசிக்கொண்டே துணிக் குவியலிலிருந்து ஒரு சீலையை எடுத்தான். முனையோடு முனை சேர்த்து, கரை வெளியே தெரியும்படி மடித்து, உள்ளங்கையால் ஒருமுறை நீவினான். எட்டு மடிப்பு. ஒரு சுருக்கமில்லை.

"அங்க படிப்பு மட்டுந்தான்," என்றான். "நாடகமெல்லாம் போட்டோவுல பாக்கத்தான் நல்லா இருக்கும். நீ மட்டக்களப்பப் போடு. படிப்பும் இருக்கு, பக்கத்துல கடலும் இருக்கு. நம்ம பாஷை பேசுற ஆளுங்க நெறைய. ஒரே ஜாலி."

"அவ்வளவு தூரம்னா அம்மா விட மாட்டாங்க அண்ணே. அவிசாவளையில கார்மென்ட்ஸுக்குப் போகச் சொல்லிருவாங்க. பேராதனைன்னா விடுவாங்க. அங்கதான் நீங்க இருக்கீங்களே."

"நான் இருக்கேன்னு நம்பி வராத. அடுத்த வருசம் படிப்பு முடிஞ்சு வெளியாகிருவேன்."

"ஒரு வருசம் போதும்."

அவன் இன்னொரு சீலையை எடுத்தான். இதை மடிக்கக் கூடுதல் நேரம் பிடித்தது.

"ஒங்கம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்," என்றான்.

"அவங்க கேக்க மாட்டாங்கன்னு ஒங்களுக்கே தெரியும்."

"நான் சொன்னா கேப்பாங்க."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கண்ணே. அனுப்பிட்டா மாத்த முடியாது." தனுஜா அவன் முகத்தையே பார்த்தாள். "பேராதனை வேணவே வேணாமா?"

"வேணாம்."

அவன் விரல் திரையில் பேராதனையைக் கீழே இறக்கியது. இரண்டு, மூன்று, ஐந்து. ஒன்பதாவது இடத்தில் விட்டான். மட்டக்களப்பு முதலாவதாக ஏறியது.

"இந்தா. அனுப்பு."

இலட்சுமி பிளேன்ரீக் கோப்பை கொண்டு வந்தாள். "அண்ணன் சொன்ன மாதிரி செஞ்சா ஒனக்கும் ஒரு நாள் கோயிலடியில மால விழும்."

தனுஜா போனை வாங்கிக்கொண்டாள். ஒன்பதாவது இடத்தில் கிடந்த பேராதனையை மறுபடி முதலாவது இடத்துக்கு ஏற்றினாள். அனுப்பும் பொத்தானை அழுத்தினாள். விண்ணப்பம் போய்ச் சேர்ந்ததாகப் பச்சை நிறத்தில் ஒரு வரி வந்தது.

கஜேந்திரன் எழுந்து நின்றான். "லூசு, என்ன வேல பாத்த?"

"என்ன செஞ்சா?" என்றாள் இலட்சுமி.

"நான் போட்டுக் குடுத்த வரிசைய மாத்தி அனுப்பிட்டா."

இலட்சுமியின் முகம் இறுகியது. "இதென்ன புள்ள பழக்கம்? வீடு தேடி வந்து கேட்ட. அங்கயே இருந்து படிக்கிறவன் சொல்றான். அவன விட ஒனக்குக் கூடத் தெரியுமோ?"

தனுஜா இலட்சுமியின் கையிலிருந்த கோப்பையை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டாள்.

"கண்டியில பொடவக்கட வாசல்ல நின்னு ஆள் கூப்புடுறவருக்கு, கேம்பஸப் பத்தி என்ன தெரியும் பெரியம்மா?"