கிள்ளிய தோல்

சமையலறை மேசையில் வைத்த தண்ணீர் டம்ளருக்குள் மாலை வெயில் மெல்ல ஆடுகிறது. நாளை ஆணழகன் போட்டி; நேற்றிலிருந்தே மகன் தண்ணீரை நிறுத்திவிட்டான். நாள் முழுக்க வார்டில் ஊரார் பிள்ளைகளுக்கு டிரிப்ஸ் ஏற்றிவிட்டு வந்த அம்மா, சீருடைகூட மாற்றாமல் எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். "ஒரே ஒரு வாய் குடிடா, கண்ணு." வெடித்த உதட்டோடு அவன் சிரிக்கிறான். "ஒரு வாய் போனாலும் சிக்ஸ் பேக் மங்கிடும். நர்ஸ் மாதிரி பாக்காதம்மா." அவள் அவன் கையை இழுத்து, உடம்பில் நீர் வற்றிவிட்டதா என்று நோயாளிகளுக்குப் பார்ப்பதுபோலவே புறங்கைத் தோலைக் கிள்ளி விடுகிறாள். மடிப்பு இறங்காமல் அப்படியே நிற்கிறது. அவள் டம்ளரை அவன் பக்கம் நகர்த்துகிறாள். அவனும் குனிந்து பார்க்கிறான், முகம் மலர்கிறது. "தோலு எப்படிக் காகிதம் மாதிரி ஆயிடுச்சு, பாத்தியா?" என்று செல்போனை எடுக்கிறான். "இன்னொரு தடவை கிள்ளும்மா, ஜிம் மாஸ்டருக்குப் போட்டோ அனுப்பணும்."