இவருக்குப் பதில் இவர்

வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து விசாலாக்ஷியை வைதேஹி நீக்கிவிட்டாள். முன்னறிவிப்பு இல்லை, சமாதானம் இல்லை. காலைக் காப்பி ஆறுவதற்குள் ஆள் வெளியே.

மறுநாளே கிட்வாய் நகரிலிருந்து மெட்ரோ பிடித்து, ஜனக்புரியில் வைதேஹியின் வாசலில் வந்து நின்றாள் விசாலாக்ஷி.

"வாடி. காப்பி போடட்டுமா?"

"காப்பி அப்புறம். என்னை எதுக்குத் தூக்கினே?"

"முதல்லே உக்காரு. இந்த வெயில்லே வந்திருக்கே."

கல்யாணமான கையோடு ஒரே வருஷம் தில்லிக்கு வந்தவர்கள் இருவரும். அப்போது சர்க்கார் குவார்ட்டர்ஸில் எதிரெதிர் வீடு. சீரியல் ஆரம்பித்துவிட்டால் இரண்டு வீட்டிலும் அடுப்பு அணையும். அந்தப் பழைய சீரியல்களைப் பற்றிப் பேசத்தான் வைதேஹி குரூப் தொடங்கினாள். அதில் தினமும் எழுதுகிறவள் விசாலாக்ஷி ஒருத்திதான். எந்தக் காட்சியில் யார் எங்கே பார்த்தார்கள், எந்த வசனத்தை விழுங்கினார்கள் என்று பத்தி பத்தியாக எழுதுவாள். பிள்ளைக்குத் தமிழ் எழுத்துக் கூட்டத்தான் வரும். பேத்திக்கு அதுவும் கிடையாது. அவள் எழுத்தைப் படிக்க அந்த குரூப்பை விட்டால் நாதியில்லை.

தகராறு நடிகை ஹேமலோசனியால் வந்தது. ஆறு வருஷம் ஓடிய சீரியலில் பர்வதவர்த்தினி என்ற மூத்த மருமகளாக வந்து குடும்பத்தையே ஆட்டிவைத்தவள். பிறகு எம்.பி. ஆகி தில்லிக்கு வந்தாள். அடுத்த தேர்தலில் தோற்றாள். போன வாரம் மூன்றாவது தடவையாகக் கட்சி மாறினாள். ஊரே காறித் துப்பியது.

விசாலாக்ஷி திட்டவில்லை. சீரியலில் செத்தவன் திரும்பி வந்தால் காரணம் சொல்ல ஒரு எபிசோடாவது செலவழிப்பார்கள், அரசியலில் அந்த மரியாதைகூட இல்லை என்பது அவள் கட்சி. பழைய கட்சித் துண்டோடு ஹேமலோசனியின் படம் ஒன்று, புதுக் கட்சித் துண்டோடு ஒன்று என்று குரூப்பில் போட்டாள். நடிகரை மாற்றும்போது திரையில் போடுவார்களே, அந்த மாதிரி அடியில் ஒரு வரி: 'இவருக்குப் பதில் இவரே.'

அதற்குத்தான் இந்தத் தண்டனை.

"குரூப்பிலே அரசியல் கூடாதுன்னு ரூல் இருக்கு," என்றாள் வைதேஹி.

"ரூலாம் ரூல். கேஸ் சிலிண்டர் விலையைப் பத்தி நீயே எழுதலையா?"

"அது விலைவாசி."

"யமுனையிலே நுரை நிக்கறதுன்னு எழுதினியே?"

"அது சுகாதாரம்."

"அச்சா. ஹேமலோசனி மட்டும்தான் அரசியல். அவ நின்னா நீ ஓட்டுப் போடுவியாடி?"

"போட மாட்டேன். டெபாசிட் போகணும்னுகூட வேண்டிப்பேன்."

"அப்புறம் எதுக்கு அவளுக்குப் பரிஞ்சுண்டு வரே?"

வைதேஹி சமையலறைக்குள் போனாள். பால் பாத்திரத்தை எடுக்கும் சத்தத்தோடு குரல் மட்டும் வந்தது.

"உனக்கு முன்னாடி நாலு பேரைத் தூக்கியிருக்கேன். அவாள்லாம் மெட்ரோ ஏறி சண்டைக்கு வரலை."

"அவாளும் நானும் ஒண்ணா?"

உள்ளே அடுப்பைப் பற்றவைக்கும் சத்தம் கேட்டது. மேஜைமேல் வைதேஹியின் போன் அடித்தது. 'மங்களம், மயூர் விஹார்.'

அந்த மங்களத்தை எல்லோருக்கும் பெயரளவில் தெரியும். வெகுநாளாக குரூப்பில் இருக்கிறாள். ஒரு வரி எழுதியதில்லை. பண்டிகைக்குக்கூட ஒரு கும்பிடு போட்டதில்லை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு செம்பருத்திப் பூ.

விசாலாக்ஷிக்குச் சுருக்கென்றது. வாயே திறக்காதவள் உள்ளே, தான் வெளியே.

"யாருடி போன்லே?" என்றாள் வைதேஹி உள்ளிருந்து.

"உன் மங்களம். இரு, இவகிட்டேயே நியாயம் கேக்கறேன்."

"விசாலம், எடுக்காதே." கையில் கரண்டியோடு வைதேஹி ஓடி வருவதற்குள் விசாலாக்ஷி எடுத்து ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள்.

"வைதேஹிம்மா, தொந்தரவு பண்றேன்னு நினைக்காதீங்க."

விசாலாக்ஷிக்குக் கேட்க வந்தது மறந்துபோயிற்று. ராத்திரிச் சாப்பாட்டு வேளையில், சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, மாமனாரையே நிற்கவைத்துக் கேள்வி கேட்ட பர்வதவர்த்தினியின் குரல். அந்த அதட்டல்தான் இல்லை.

வைதேஹி வாயில் விரலை வைத்துக் காட்டினாள்.

"சொல்லுங்கோ," என்றாள் போனைப் பார்த்து.

"அந்த விசாலாக்ஷி அம்மாவை எடுத்துட்டீங்களே. என்னாலதானே?"

"அதெல்லாம் இல்லை. ரூல் இருக்கு."

"எனக்குத் தெரியும்மா. நான் யாருன்னு தெரிஞ்சும் யார்கிட்டேயும் சொல்லாம வச்சிருக்கீங்க. போனைத் திறந்தா வசவுதான், இங்கேயாவது என் கண்ணுல படக் கூடாதுன்னு பாக்கறீங்க. ஆனா அவங்க எழுதினது பொய் இல்லையே. சமைக்கிற பொண்ணுகிட்டே படிச்சுக் காட்டினேன். ரெண்டு பேரும் சிரிச்சோம்."

உள்ளே பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. இருவரும் அசையவில்லை.

"அவங்களைத் திரும்பச் சேர்த்துடுங்க. கல்யாணப் பந்தியிலே பர்வதம் கடைசியா தனியா உக்காந்து சாப்பிடுவாளே, அந்தக் காட்சியைப் பத்தி எழுதிட்டிருந்தாங்க. மிச்சம் நாளைக்குன்னு சொல்லியிருந்தாங்க."

போனில் குரல் இறங்கியது.

"அன்னைக்கு என்ன நினைச்சு நடிச்சேன்னு எனக்கே மறந்துபோச்சும்மா. அவங்க சொன்னாத்தான் தெரியும்."