ஹெஸ்டர் கொண்டுவந்த பின்னல்

ஹெஸ்டர் ஒரு பின்னலைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள்.

தலைமுடிப் பின்னல். அடியோடு கத்தரித்தது. நுனியில் நீலத் துணிக்கிழிசல் முடிந்திருந்தது. அவள் மகள் டெல்ஃபியுடையது என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

ஓடி வந்திருப்பாள் போல. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள், பேச மூச்சு இல்லை.

என் கணவர் அலோயிஸ் காசு அச்சைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "என்ன ஹெஸ்டர், உன் மக தலைய மட்டும் அனுப்பிட்டாளா? அம்மணிக்கு வர நேரமில்லையாக்கும்!"

எனக்கும் சிரிப்பு வந்தது. கெட்டிக்காரப் பெண்தான்.

அம்மாவும் மகளும் தங்கச் சுரங்கத்து அடிமைகள். ஓடையில் மணல் அலசும்போது ஈரக் கையால் தலையைக் கோதிக்கொள்வார்கள். பொன்தூள் முடியில் ஒட்டிக்கொள்ளும். கங்காணி கையைப் பார்ப்பான், மடியை உதறச் சொல்வான், தலைக்குள் பார்க்க மாட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் பின்கட்டுக்கு வருவார்கள். என் பெரிய பேசினில் இருவர் தலையையும் அலசிவிடுவேன். தூள் அடியில் தங்கும்.

அரசாங்கக் காசு இந்தக் கரோலினா மலைப்பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. பாடன் நாட்டிலிருந்து கப்பலேறி வந்த தட்டார் நாங்கள். எங்கள் பெயர் பொறித்த பொன்காசுதான் இங்கே கடைகளில் செல்லும். இவர்கள் தூளையும் அலோயிஸ் உருக்கிக் காசாக அடித்துக் கொடுப்பார். அதற்கான எங்கள் கூலியை ஒருமுறையும் விட்டதில்லை. தொழில் தொழில்தான்.

குடிசையில் வைத்தால் பிடிபடும் என்று காசுகள் என் கடுகு டப்பாவில் இருந்தன. அலோயிஸ் தன் பெயரில் டெல்ஃபியை வாங்கி விடுதலை செய்துவிடுவதாக ஏற்பாடு. அவளுடைய முதலாளி சொன்ன விலைக்கு இன்னும் ஒரே ஒரு காசுதான் குறைந்தது.

இன்று ஞாயிறு இல்லை என்பது எனக்கு உறைக்கவேயில்லை.

பின்னலை அவிழ்த்தேன். வெந்நீர் ஊற்றி, நானே சாம்பலில் காய்ச்சிய சோப்பைப் போட்டுக் கசக்கினேன்.

ஹெஸ்டர் ஏதோ சொல்ல வந்து கையை நீட்டினாள்.

"இரு, இரு. ஒரு பொட்டுகூட சிந்தாம எடுத்துத் தர்றேன்" என்றேன்.

மூன்று தண்ணீர் விட்டு அலசினேன். பேசினைச் சாய்த்தேன். அடியில் மஞ்சளாக ஒரு கோடு. ஒரு காசுக்குப் போதும், மிச்சமே இருக்கும். சந்தோஷத்தில் கத்திவிட்டேன். அலோயிஸ் உலையை மூட்டவே எழுந்துவிட்டார்.

அப்போதுதான் ஹெஸ்டருக்குக் குரல் வந்தது.

"விடியும்போதே அவள வித்துட்டாங்கம்மா. ஆள் வாங்க வந்த ஜார்ஜியாக்காரன் வண்டியில ஏத்திட்டுப் போயிட்டான். அவன் கால்ல விழுந்து இத மட்டும் வெட்டிக்கிட்டேன்."

அலோயிஸ் எழுந்தவர் அப்படியே நின்றார்.

ஹெஸ்டர் பேசினைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் கையிலிருந்த ஈர முடியை வாங்கினாள். முகத்தோடு சேர்த்து வைத்து மூச்சை இழுத்தாள். கொஞ்சம் விலக்கிவிட்டு, மறுபடியும் இழுத்தாள்.

பிறகு குழந்தை மாதிரி என்னைப் பார்த்தாள்.

"சோப்பு வாசனைதாம்மா வருது."