விசிறிக்கு ஒன்று

இன்னும் ஒன்றுகூட விழவில்லை.

கம்பி வலையை ஒட்டி நின்று அவள் விசிறித் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேசையில் ஒரு டீச்சர் பச்சை ஓட்டுச் சீட்டுகளைப் பிரித்து, சின்னத்தைப் பார்த்து, அதற்குரிய தட்டில் போட்டுக்கொண்டிருந்தார்.

குடம். குடம். பூட்டு. குடம்.

குடம் அவளுடைய சின்னம். ஒன்றியக் கவுன்சிலர் பதவிக்கு நிற்கிறாள்.

விசிறி, அவள் கணவனின் கட்சி.

எண்ணப்படுவது அவர்கள் ஊர்ப் பெட்டி. அங்கே விசிறிக் கொடியைத் தவிர வேறு கொடி ஏறியதே இல்லை. அந்தக் கம்பத்துக்குக் குழி தோண்டியவனே அவள் கணவன்தான். கிளைச் செயலாளர். இன்றும் கரைவேட்டி கட்டி, கட்சியின் ஏஜென்டாக மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்தான்.

இந்த முறை கட்சி யாரோ ஒரு வெளியூர்க்காரரை நிறுத்தியது.

எதிர்க்கட்சி அவளை நிற்கச் சொல்லிக் கேட்டது.

வீடு வீடாகப் போனாள். "பாக்கலாம்மா" என்றார்கள். சிலர் அதுகூடச் சொல்லவில்லை. அவள் தலையைக் கண்டதும் கதவைச் சாத்தியவர்கள் உண்டு. பெண்கள் புருஷன் முகத்தைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார்கள்.

குடம். குடம். குடம்.



இவ்வளவு பேரா? எப்போது கூடிப் பேசினார்கள்?

பேசியே இருக்க மாட்டார்கள் என்று தோன்றியது. ஒவ்வொருவரும் தனித்தனியாக, அந்த அட்டை மறைப்புக்குள், யாரிடமும் சொல்லாமல்.

அது இன்னும் பெரிதாக இருந்தது.

ஆனாலும் அவள் கண் விசிறித் தட்டைவிட்டு நகரவில்லை. அதில் ஒன்று விழும். அவன் கையால் மடித்தது.

ஓட்டுப் போடப் போன அன்று அவளேதான் சொன்னாள். "உங்க ஓட்டு உங்க கட்சிக்கே போடுங்க. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

நினைக்கக் கூடாது. அது விழும்போது முகம் மாறக் கூடாது. காலையிலிருந்து மனதுக்குள் பழகிக்கொண்டிருந்தாள்.

கடைசிச் சீட்டு.

குடம்.

டீச்சர் காலியான விசிறித் தட்டைத் தூக்கி அடியில் பார்த்தார். மேசைக்குக் கீழே குனிந்தும் பார்த்தார்.

"ஏஜென்டு சார் இந்த ஊருதானே? உங்க ஓட்டாவது இருக்கணுமே!"

"அண்ணே, உங்க ஓட்ட எலி தின்னுருச்சா?" பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு.

அவன் பக்கத்தில் இருந்த ஒன்றியச் செயலாளருக்குச் சிரிப்பு வரவில்லை. "தட்டு மாத்திப் போட்டிருக்காங்க. மறுபடி எண்ணச் சொல்லுய்யா!"

டீச்சர் பதறிப்போய்க் குடத்தின் கட்டு ஒன்றை எடுத்து ரப்பர் பேண்டைக் கழற்றினார்.

அவன் எழுந்தான்.

"வேணாம் டீச்சர். சரியாத்தான் எண்ணியிருக்கீங்க."

சிரிப்பு நின்றது.

ஒன்றியச் செயலாளர் அவனையே பார்த்தார். பிறகு தன் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

அவன் உட்காரவில்லை. அவள் பக்கம் திரும்பவும் இல்லை. காது மட்டும் சிவந்திருந்தது.

அடுத்த ஊர்ப் பெட்டியை மேசைக்குத் தூக்கி வந்தார்கள். ஜெயிப்பதும் தோற்பதும் இனி அதில்தான் என்று யாரோ சொன்னார்கள்.

அவள் அதைப் பார்க்கவே இல்லை.